இஞ்சின் குடிக்கிற தண்ணீர்

பூங்கா போட ஊரில் வேறு இடமா இல்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கெடிலம் ஆற்றங்கரை நீளத்துக்குச் சும்மாதான் கிடந்தது. ஆனால் அறுபதுகளின் நடுவில் கடலூரில் எங்கள் ஸ்டேஷனுக்குப் புதிதாகக் கான்கிரீட் கூரை போட்டார்கள். அதுவரைக்கும் ஓட்டுக் கூரையையே பார்த்துப் பழகிய ஊருக்கு, மேலே ஏறி நடக்கிற மாதிரி தட்டையாக ஒரு கூரை என்பது பெரிய அதிசயம். அது வெறுமனே வெயிலில் காய்வதைப் பார்த்து யாரோ ஒரு பெரிய மனிதருக்கு வயிறு எரிந்திருக்கிறது. ஸ்டேஷன் தலைமேலேயே பொதுஜனத்துக்கு ஒரு தோட்டம் என்று முடிவாகிவிட்டது. முனிசிபாலிட்டி பாதி, ரயில்வே பாதி. ஆற்று வண்டலை மாட்டு வண்டியில் கொண்டுவந்து கூரைமேல் ஒரு அடி உயரத்துக்குப் பரப்பினார்கள். பிளாட்பார டிக்கெட் இல்லாமல் யாரும் ஏறி வரலாம் என்று தெருப் பக்கமாகப் படி கட்டினார்கள்.

அந்தப் படிகள் முப்பத்து நான்கு. எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. இன்றைக்கும் என் முழங்காலைக் கேட்டால் அது சொல்லும்.

நான் சிதம்பரத்தில் பிறந்தவள். எட்டாவது வரை படித்தவள். கடலூரில் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரருக்கு நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டிகளில் சுமை இறக்குகிற வேலை. சீசனில் ஆறு மாதம் அங்கேயே தங்கி உடம்பை முறிப்பார், மீதி ஆறு மாதம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நானே போய் ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் நின்றேன். தினக்கூலி. அவர் முதலில் கேட்டது, "எந்த ஊரும்மா?" சிதம்பரம் என்றேன். "அட, நம்மூர்ப் பொண்ணு" என்று சொல்லி வேலையைக் கொடுத்துவிட்டார். அவரும் சிதம்பரத்துக்காரர்.

வேலை என்னவென்றால், சுமப்பது. ஸ்டேஷன் கிணறு உப்பு. அதில் பிளாட்பாரம் கழுவலாம், வேறொன்றுக்கும் ஆகாது. நல்ல தண்ணீர்க் கிணறு சாலைக்கு அந்தப் பக்கம், ஜட்கா வண்டிகள் நிற்கிற இடத்தில் இருந்தது. அங்கே இறைத்து, இடுப்பில் வைத்து, சாலையைக் கடந்து, முப்பத்து நான்கு படி ஏறி ஊற்ற வேண்டும். காலையில் முப்பது குடம், சாயங்காலம் இருபது. கோடையில் இன்னும் ஜாஸ்தி. கூரைக் கான்கிரீட் கீழேயிருந்து சுடும், வெயில் மேலேயிருந்து சுடும், நடுவில் ஒரு அடி மண். அது எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும்.

இதில் கரி வேறு. இஞ்சின்கள் சரியாகத் தோட்டத்துக்குக் கீழேதான் வந்து நிற்கும். விழுப்புரம் வண்டி, சிதம்பரம் பாசஞ்சர், கூட்ஸ் என்று எது வந்தாலும் புகையை மேலே விட்டுவிட்டுத்தான் போகும். மல்லிகை மொட்டு வெள்ளையாக விரிவதற்குள் கறுப்பாகிவிடும். வண்டி போனதும் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு குரோட்டன்ஸ் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பேன். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இப்படி முகம் துடைத்திருக்க மாட்டார்கள். துடைத்து நிமிர்ந்தால் அடுத்த வண்டிக்குக் கைகாட்டி இறங்கியிருக்கும்.

ஆனாலும் ஜனங்கள் வந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சிமெண்ட் பெஞ்சுகள் இரண்டு இருந்தன. பரங்கிப்பேட்டைப் பக்கம் போகிற முஸ்லிம் பெண்கள் வெள்ளைத் துப்பட்டியோடு மேலே வந்து உட்காருவார்கள். கீழே வெயிட்டிங் ரூம் முழுக்க ஆண்கள் பீடி புகையோடு கிடக்கும்போது அவர்களுக்கு வேறு போக்கிடம் ஏது? பினாங்குக்குப் புருஷனை அனுப்பிவிட்டு வந்த ஒரு பெண் அங்கே உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டை வியாபாரிகள் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. யாரும் உட்காராதே என்று சொல்லவில்லை. நேரம்தான் இல்லை.

இவ்வளவையும் நான் எதற்காகச் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில்வே சிப்பந்திகளுக்கு வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருந்தன. அதில் கடைசி வீடு பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டு வாசலில் ஒரு குழாய். பித்தளைத் தலை வைத்த சின்னக் குழாய். வீட்டுக்கு ஆள் வந்தால் திறந்துவிடுவார்கள், ஒரு குடும்பத்துக்குப் போதுகிற அளவு நல்ல தண்ணீர் வரும். வேலை நிரந்தரமானால் அந்த வீடு எனக்குக் கிடைக்கும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

நாங்கள் குடியிருந்த சந்தில் அறுபது குடும்பத்துக்கு ஒரே கிணறு. ஸ்டேஷனில் ஐம்பது குடம் சுமந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே சண்டை போட்டு இன்னும் ஆறு குடம். கல்யாணமான இரண்டாம் வருடம் மூன்று மாதக் கரு கலைந்தது. குடம் சுமந்ததால்தான் என்று மாமியார் சொன்னார்கள், மருத்துவச்சி சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். சொன்ன யாரும் ஒரு குடம் தூக்கிக் கொடுக்கவில்லை. நான் என் வீட்டுக்காரரிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். குழாய் இருக்கிற வீட்டுக்குப் போன பிறகுதான் இனிப் பிள்ளை. அவர் அதிலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை ஊருக்கு வரும்போது தண்டவாளத்தோரமாகச் சுற்றிக்கொண்டு அந்தக் கடைசி வீட்டு வழியாகத்தான் வருவார். "பூட்டு அப்படியே கீது" என்று வந்து சொல்லுவார்.

வருடத்துக்கு ஒருமுறை திருச்சியிலிருந்து பெரிய அதிகாரி சலூன் என்கிற தனி ரயில் பெட்டியில் இன்ஸ்பெக்ஷன் வருவார். தோட்டம் அவர் கண்ணுக்குப் பிடித்துவிட்டால், தண்ணீர் ஊற்ற நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும் என்று மாஸ்டர் எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். மாஸ்டருக்கு அடுத்த வருடம் ரிடையர்மென்ட். மூன்று பெண்கள், ஒருத்திக்குத்தான் கல்யாணம் ஆகியிருந்தது. போகிறபோது ஒரு நல்ல பெயரோடு போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு. தப்பில்லை.

அந்த வருடம் தை பிறந்ததும் என் கால் வீங்கிவிட்டது. பதினேழாவது படியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தேன். கீழே பம்ப்காரர் போனார். இஞ்சின்களுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப்பைப் பார்த்துக்கொள்பவர், நல்ல மனிதர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

"இன்னா தங்கச்சி, பாதியிலயே நின்னுட்ட?"

"கால் வரமாட்டேங்குதுண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து தன்னுடைய தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். பிளாட்பாரக் கோடியில் உயரமான தூண்கள்மேல் அந்த இரும்புத் தொட்டி நின்றது. தோட்டத்தைவிட ஒரு ஆள் உயரம் கூடுதல். இரண்டு பேரும் தினமும் பார்க்கிற தொட்டிதான். அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புத்தி வேலை செய்தது.

"டேங்க் மேல கீது, தோட்டம் கீழ கீது. ஒரு ஓஸ் போட்டா தண்ணி தானா எறங்கிடும்!" என்றார்.

"உப்புத் தண்ணியாண்ணே?"

"இன்னா கேட்டுட்ட நீ? உப்பா? ஆத்தங்கரைப் போரிங் தண்ணி. அதுவும் சும்மா இல்ல, மருந்து போட்ட தண்ணி. இஞ்சின் குடிக்கிற தண்ணி தங்கச்சி! இஞ்சினே குடிக்குதுன்னா செடிக்கு இன்னா?"

இது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று ரயில்வேக்குள் வாழாதவர்களுக்கு உடனே தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை. அங்கே இஞ்சின்தான் எஜமான். நல்ல கரி அதற்கு, நல்ல எண்ணெய் அதற்கு, கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து ஆயுத பூஜைக்கு முதல் மாலையும் அதற்குத்தான். அது குடிக்கிற தண்ணீரைவிட உசத்தி ஏதாவது இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றாது. இத்தனைக்கும் அந்தத் தண்ணீரை நாங்கள் யாரும் வாயில் வைப்பதில்லை. குடித்தால் வயிற்றைக் கலக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பாய்லருக்குள் பக்கு பிடிக்காமல் இருக்க தினமும் காலையில் பம்ப்காரரே தன் கையால் ஒரு டின் வெள்ளைத் தூளைத் தொட்டியில் கொட்டுவார். அதைத்தான் மருந்து என்றார். தூளைக் கொட்டுகிற கை அவருடையது, கொட்டுவதைப் பார்த்த கண் என்னுடையது. அப்படியும் இரண்டு பேரும் ஓஸ் போட்டோம்.

கித்தான் ஓஸ். தொட்டியின் அடியிலிருந்து பிளாட்பாரக் கொட்டகைமேல் கம்பி போட்டுக் கட்டித் தோட்டத்துக்குள் இறக்கினோம். குழாயைத் திருகியதும் ஓஸ் உப்பி, புரண்டு, தண்ணீர் கொட்டியது. நான் நின்ற இடத்திலேயே சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

மாஸ்டர் மேலே வந்து பார்த்துவிட்டு அப்படிப் பூரித்துப் போனார். அன்றைக்கே திருச்சிக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதியதை எனக்குத் தமிழில் படித்தும் காட்டினார். செலவே இல்லாமல் ஓஸ் மூலம் தோட்டத்துக்குத் தானாகவே நீர் பாய்ச்சும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்று. "பாத்தியா, இதெல்லாம் ஃபைல்ல ஏறணும்" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அதே ஃபைலில்தான் என் வேலைக்கான கடிதமும் இருந்தது. இரண்டு கடிதமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரம் ராணி மாதிரி இருந்தேன். படி ஏறினால் வெறுங்கையோடு ஏறினேன். கால் வீக்கம் வடிந்தது. இலை துடைக்க மட்டும்தான் வேலை. ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் பாசஞ்சர் வந்துவிட்டது.

நான்காவது வாரம் ரோஜா இலைகளின் ஓரம் காய ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓஸைத் திறந்துவிட்டேன். மல்லிகை மஞ்சளித்தது. இன்னும் திறந்துவிட்டேன். காசித்தும்பை ஒரே நாளில் தலையைத் தொங்கப் போட்டது. எவ்வளவு ஊற்றினேனோ அவ்வளவு செத்தது. அரளி மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது.

ஒரு மத்தியானம் காய்ந்த மண்ணைப் பார்த்தேன். மேலே வெள்ளையாக ஒரு படலம், உப்புப் பூத்த மாதிரி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. வழுவழுவென்று, நாக்கைப் பிடிக்கிற கசப்பு. எனக்கு அந்த ருசி தெரியும். சின்ன வயதில் அம்மாவோடு துணி வெளுக்கும்போது வாயில் தெறித்திருக்கிறது. சலவைச் சோடா. நான் ஒரு மாதமாகத் தோட்டத்துக்கு வெளுப்புப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேராக பம்ப்காரரிடம் போனேன்.

"அண்ணே, அந்த மருந்து இன்னாது? சோடாவா?"

"சோடாதான். அதனால இன்னா?" என்றவருக்கு, சொல்லி முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார். "நானே டெய்லி கொட்டறேனே தங்கச்சி. நானே கொட்டறேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். திட்டலாம் என்று போனவள், அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாஸ்டர் விஷயத்தைக் கேட்டதும் அறைக் கதவைச் சாத்தினார். இன்ஸ்பெக்ஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இஞ்சின் தண்ணீரை யாரைக் கேட்டு எடுத்தாய், யாரைக் கேட்டுச் செடியைக் கொன்றாய் என்று அதிகாரி கேட்டால் அவருடைய நல்ல பெயர் போய்விடும்.

"காப்பாத்த முடியுமா?" என்றார்.

"நல்ல தண்ணிய ஊத்தி ஊத்திச் சோடாவக் கழுவி விடணும்யா. முடியும்னுதான் நெனைக்கிறேன்."

"காப்பாத்திடும்மா. ஒனக்கு அந்த வீட்ட வாங்கிக் குடுக்காம நான் போக மாட்டேன்."

அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் அலுப்பாக இருக்கிறது. விடிவதற்குள் கிணற்றடிக்குப் போய்விடுவேன். ஐம்பது குடம் நூறாயிற்று. கணக்கு விட்டுப்போனது. நான் மேலே ஊற்றிய தண்ணீர் கூரை விரிசல் வழியாக புக்கிங் ஆபீஸில் சொட்டியது. அட்டை டிக்கெட்டெல்லாம் ஊறிப் பருத்து, தேதி குத்துகிற மெஷினுக்குள் நுழைய மாட்டேன் என்றது. டிக்கெட் கிளார்க் குடையை விரித்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து என்னைத் திட்டினார். நியாயமான திட்டுதான். கேட்டுக்கொண்டே அடுத்த குடத்துக்கு இறங்கினேன். பம்ப்காரர் டூட்டி முடிந்ததும் நான்கு குடம், ஐந்து குடம் சுமந்து கொடுப்பார். அவருக்கு மூட்டு வலி. போதும் அண்ணே என்று நானே அனுப்பிவிடுவேன்.

ரோஜாக்கள் பிழைக்கவில்லை. மாஸ்டர் சிதம்பரத்தில் தெரிந்த ஒரு நாற்றுக்காரருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, கார்டிடம் சொல்லி என்னைப் பாசஞ்சரில் ஏற்றிவிட்டார். போகிற வழி முழுக்கத் தூங்கினேன். சிதம்பரத்தில் வண்டி நின்றதுகூடத் தெரியாமல் கார்டு வந்து எழுப்பினார். சேதி சொல்லி அனுப்பியிருந்ததால் அம்மா சோற்று மூட்டையோடு ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னாடி இப்புடி கருத்துட்ட?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொழா வீடு வந்துடுமா?" என்றாள். வந்துடும்மா என்றேன். மடியிலும் காலடியிலுமாக ரோஜாச் செடிகளை வைத்துக்கொண்டு திரும்பினேன். முள் குத்தியதுகூடத் தெரியாமல் அப்போதும் தூங்கினேன்.

இன்ஸ்பெக்ஷன் அன்று தோட்டம் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. புது ரோஜாக்களை முன் வரிசையில் வைத்தோம். பூந்தொட்டிகளுக்குக் காவி அடித்தோம். ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு. உபயோகிக்காத அந்த ஓஸை மட்டும் மாஸ்டர் எடுக்க விடவில்லை. கடிதத்தில் எழுதியாகிவிட்டதே. அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து அப்படியே தொங்கவிட்டார். என்னைப் பத்து மணிக்குள் ஊற்றி முடித்துவிட்டுக் கீழே போய் நிற்கச் சொன்னார். ஊருக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் அன்று நெல்லிக்குப்பத்துக்குத் திரும்பவில்லை. ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், சேதி கேட்காமல் போக மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்தார்.

அதிகாரி நல்ல கனமான உடம்பு. முப்பத்து நான்கு படியையும் ஏறி முடித்ததும் அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. மாஸ்டர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "குடிக்கத் தண்ணி! நல்ல தண்ணி, சீக்கிரம்!" என்று கத்தினார். நான் சாலையைக் கடந்து ஓடி, இறைத்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஏறினேன். பன்னிரண்டு நாள் சுமந்த காலில் அப்படி ஓடியிருக்கக் கூடாது. கடைசிப் படியில் நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபைல். நான் தம்ளரில் ஊற்றிக் கொடுத்ததை ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு தம்ளர் கேட்டுக் குடித்தார்.

"பேஷ். தோட்டம் நன்னா இருக்கு" என்றார் மாஸ்டரிடம். "இந்த ஓஸ் ஐடியா ரொம்பப் பிரமாதம். தண்ணி தானா வந்துடறதோ?"

மாஸ்டர் அந்தப் பச்சை ஓஸைப் பார்த்தார். "ஆமா சார்" என்றார்.

அதிகாரி அடுத்த தாளைப் புரட்டினார். "அப்படின்னா தண்ணி ஊத்த ஒரு பெர்மனென்ட் ஆள் எதுக்கு?"

கீழே ஒரு கூட்ஸ் வண்டி பெட்டிகளை இடித்துக் கோத்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் பேசவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணுக்குள் போனதைத் துடைக்கவும் இல்லை. அதிகாரி என் பக்கம் திரும்பிச் சிரித்தபடி கேட்டார், "என்னம்மா, ஓஸ் வந்தப்புறம் ஒனக்கு வேலை கொறஞ்சுதோ இல்லையோ?"

சொல்ல வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் செடி செத்துவிடும் அய்யா. இது எல்லாம் நான் சுமந்த தண்ணீர். நீங்கள் இப்போது குடித்ததும் நான் சுமந்ததுதான். மூன்றே வாக்கியம். வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது. இரைந்து இரைந்து மூச்சு வந்ததே தவிர ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் அரை நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. "சரி சரி, மெதுவா" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்து அந்தத் தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஃபைலை மூடினார். எனக்கு மூச்சு திரும்பி வந்தபோது அவர்கள் கீழே பிளாட்பாரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

சலூன் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் தடவை. சிமெண்ட் சூடாக இருந்தது. இஞ்சின் விட்டுப்போன கரி புது ரோஜாக்கள்மேல் மெதுவாக இறங்கியது. துணி பக்கத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

மாஸ்டர் தனியாகப் படியேறி வந்தார். என் முன்னால் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக என்னை நீங்கள் என்றார்.

"நீங்க வாயத் தொறந்திருந்தா இன்னிக்கு என் மானம் போயிருக்கும். பொண்ணு மாதிரி இருந்து காப்பாத்திட்டீங்கம்மா." அவர் கண் கலங்கியிருந்தது. "இந்த உபகாரத்த மறக்க மாட்டேன்."

மூச்சு வாங்கியதால்தான் பேசவில்லை என்று அப்போதும் நான் சொல்லவில்லை. நல்ல மனசால் விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். பல வருடம் அப்படிச் சொல்லியும் பார்த்தேன். அது பொய். பேசியிருப்பேன். அவருடைய மூன்று பெண்களையும் ரிடையர்மென்டையும் பார்க்காமல் பேசியிருப்பேன். என் கால் அன்றைக்கு என்னைக் கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான். அவர்மேல் அப்போது வராத கோபம் இதை எழுதும்போது வருகிறது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கு மூச்சு வாங்கவில்லையே.

மாதக் கடைசியில் என்னை நிறுத்தினார்கள். அந்தச் சிவப்புக் கோட்டின்படி ஓஸ்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றியது. ஆடி பிறப்பதற்குள் கூரைமேல் அரளி ஒன்றைத் தவிர ஒன்றும் இல்லை. ஓஸைத் திறந்து மூட பம்ப்காரருக்கு ஒத்தாசையாக ஒரு ஆளைப் புதிதாகப் போட்டார்கள். அந்தக் கடைசி வீடு அந்தப் புது ஆளுக்குப் போனது. அடுத்த வருடம் கூரை ஒழுகுகிறது என்று மண்ணையும் வாரிக் கொட்டிவிட்டார்கள்.

இன்ஸ்பெக்ஷன் அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். சந்துக் கிணற்றில் அவரே ஆறு குடமும் இறைத்து, உள்ளே வரிசையாக வைத்திருந்தார். ஆண்பிள்ளை தண்ணீர் எடுப்பதைப் பார்த்துச் சந்தே சிரித்திருக்கிறது. "இன்னிக்கோட கடைசின்னு நானே எடுத்துட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"இன்னா சொன்னாங்க?"

நிரம்பிய குடங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தோட்டம் நல்லா கீதாம்."